காணாமல் போன 4 ஜிபி: பழைய லேப்டாப் ஒன்றைக் கட்டளைகளால் சோதித்த அனுபவம்

அக்கா மகளுக்காக வாங்கிய பழைய லேப்டாப் பத்து நாட்களாக ஒருமுறைகூட ஹேங் ஆகாமல் ஓடுகிறது. அதற்கு முந்தைய ஒரு மாதம் அது நாளுக்கு நான்கைந்து முறை நின்றுபோனது. இரண்டு வாரம் மாலை நேரங்களில் உட்கார்ந்து அதைச் சரிசெய்த வரலாற்றை, நான் தடம் மாறிய இடங்களையும் சேர்த்து, மறந்துபோவதற்கு முன் எழுதிவைக்கிறேன். பழைய கணினி வாங்கும் யாருக்கேனும் ஒரு மாலைப் பொழுதாவது இதனால் மிச்சமாகலாம்.

பெண் திருநெல்வேலியில் பிசிஏ முதலாண்டு படிக்கிறாள். 11,500 ரூபாய்க்குப் பழைய லேப்டாப் விற்கும் கடையொன்றில் வாங்கினோம். கடைக்காரர் சொன்ன விவரம் இவ்வளவுதான்: ஐ5, நாலு கோர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், பேட்டரி இரண்டு மணி நேரம் நிற்கும். விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்தார். மூன்றாம் நாளே பெண் போன் செய்தாள். "மாமா, சூடாச்சுன்னா அப்படியே நின்னு போகுது. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சாத்தான் திரும்ப வருது" என்றாள். அவள் சொன்ன 'சூடு' என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டதால், கோளாறு சூட்டில்தான் இருக்கிறது என்ற எண்ணம் என் தலையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு நடந்த பல தவறுகளுக்கு அதுவே தொடக்கம்.

சோதனையை விண்டோஸுக்குள் செய்யாமல், லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிய 16 ஜிபி பென்டிரைவிலிருந்து செய்தேன். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமல், அதில் எதையும் நிறுவாமல், கணினியை அப்படியே விசாரிக்க முடியும் என்பதே காரணம். இனி வரும் கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் ஒலிப்பிலேயே எழுதுகிறேன். டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் சாளரத்தில், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் ஓரிடத்தை அங்கேயே சொல்கிறேன்.

முதலில் யூநேம் -ஏ. இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் பதிப்பும் 64 பிட் என்பதும் தெரிந்தன. அடுத்து எல்எஸ்சிபியு. இன்டெல் கோர் ஐ5-4300யு, அடிப்படை வேகம் 1.90 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 2,900 மெகாஹெர்ட்ஸ் என்று வந்தது. இந்தச் சிப் 2013-இல் வெளிவந்த நான்காம் தலைமுறையைச் சேர்ந்தது. 'சிபியு' என்ற வரியில் 4 என்று இருந்தாலும், அதற்குச் சற்றுக் கீழே 'ஒரு கோருக்கு இழைகள் 2, ஒரு சாக்கெட்டுக்குக் கோர்கள் 2' என்ற பொருளில் இரண்டு வரிகள் இருந்தன. அதாவது உண்மையான கோர் இரண்டுதான். ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு இழைகளை, அதாவது இரண்டு வேலைத் தொடர்களை, ஓட்டுவதால் இயங்குதளத்துக்கு நான்காகத் தெரிகிறது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் நான்கு கட்டங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் நாலு கோர் என்று சொல்லியிருப்பார். கல்லூரிப் பாடத்துக்கு இரண்டு கோர் போதும் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கட்டளையில்தான் அதிர்ந்தேன். ஃப்ரீ -ஹெச் என்று கொடுத்ததும், மொத்தம் 3.7 ஜிபி, பயன்பாட்டில் 1.3 ஜிபி, காலி 214 எம்பி, பஃபர் மற்றும் கேஷ் 2.2 ஜிபி, கிடைக்கக்கூடியது 2.1 ஜிபி என்று ஒரே வரியில் வந்தது. அதில் காலி என்ற 214 எம்பியைக் கண்டு பதறத் தேவையில்லை. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் நகல்களுக்காக எடுத்துவைத்துக்கொள்ளும். நிரல்கள் கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே பார்க்க வேண்டியது கடைசியில் உள்ள 'கிடைக்கக்கூடியது' என்ற நெடுவரிசை. என்னை அதிரவைத்தது மொத்தம் என்ற 3.7. உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கும், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேருக்கும் ஒதுக்கியதுபோக 8 ஜிபி கணினியில் 7.5-க்கு மேல் தெரிந்திருக்க வேண்டும்.

உறுதிசெய்துகொள்ள டிஎம்ஐடிகோட் -டி மெமரி என்று தட்டினேன். அனுமதி மறுக்கப்பட்டது என்றது. ஃபர்ம்வேர் அட்டவணையைப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும் என்பதை மறந்துவிட்டிருந்தேன். முன்னால் சூடோ சேர்த்ததும் விவரம் கொட்டியது. இந்தக் கணினி ஏற்கும் உச்ச அளவு 16 ஜிபி, ரேம் செருகும் ஸ்லாட்டுகள் இரண்டு. சேனல்ஏ-டிம்0 என்ற முதல் ஸ்லாட்டில் 4 ஜிபி, வகை டிடிஆர்3, வேகம் 1600. சேனல்பி-டிம்0 என்ற இரண்டாவதில் 'நோ மாட்யூல் இன்ஸ்டால்டு', அதாவது ரேம் ஸ்டிக் எதுவும் பொருத்தப்படவில்லை.

அந்த வரியைப் படித்தவுடன் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணாச்சி, எட்டு ஜிபின்னு சொல்லிட்டு நாலு ஜிபிதான வச்சுக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, ரெண்டு ஸ்டிக்கும் என் கையாலதான் போட்டேன். வேணும்னா கொண்டு வாங்க, பார்ப்போம்" என்றார். நான் நம்பவில்லை. கணினியே இல்லை என்று எழுத்தில் சொல்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நினைத்தேன். டிஎம்ஐடிகோட் கட்டளையின் கையேட்டுப் பக்கத்திலேயே, இந்த அட்டவணையில் உள்ள தகவல் பல நேரங்களில் பிழையாகவோ முழுமையற்றோ இருக்கும் என்ற எச்சரிக்கை உண்டு. நான் அதைப் பின்னர்தான் படித்தேன். அந்தக் கட்டளை ஸ்லாட்டை எட்டிப் பார்ப்பதில்லை. கணினி விழிக்கும்போது ஃபர்ம்வேர் தனக்குத் தெரிந்ததை எழுதிவைத்த குறிப்பை எடுத்துக் காட்டுகிறது. ஃபர்ம்வேருக்குத் தெரியாத ஸ்டிக் அந்தக் குறிப்பில் இருக்காது.

அதே இரவில் மற்ற உறுப்புகளையும் பார்த்தேன். எல்எஸ்பிஎல்கே கட்டளை டிஸ்க்கின் அளவை 465.8 ஜி என்றது. இதில் ஏமாற்று ஏதுமில்லை. தயாரிப்பாளர் 1,000-ஆல் பெருக்கிச் சொல்லும் 500 ஜிபி, 1,024-ஆல் வகுத்துக் கணக்கிட்டால் இவ்வளவுதான் வரும். ரோட்டா என்ற நெடுவரிசையையும் கேட்டு வாங்கியபோது 1 என்று வந்தது. சுழலும் தட்டு உள்ள டிஸ்க் என்று பொருள். பிறகு டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பைப் பென்டிரைவ் லினக்ஸில் நிறுவி, ஸ்மார்ட்சிடிஎல் -ஹெச் கொடுத்தேன். இங்கே ஹெச் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். 'பாஸ்டு' என்று ஒரே சொல்லில் விடை வந்தது. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்று நோட்டில் எழுதி, அடிக்கோடிட்டு, மூடிவிட்டேன். எனக்கு ஐந்து நாட்களைத் தின்ற தவறு அந்த அடிக்கோடுதான்.

மறுநாள் மாலை ரேம் வாங்கப் போனேன். டிடிஆர்3, 1600, லேப்டாப் அளவு என்று சொல்லி, பழைய 4 ஜிபி ஸ்டிக் ஒன்றை 600 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வடியவிட்டேன். அடிமூடியில் ஒன்பது ஸ்க்ரூ. அவற்றில் இரண்டு மற்றவற்றைவிட நீளமானவை என்பதால், ஒரு தாளில் லேப்டாப்பின் வடிவத்தை வரைந்து, எந்த இடத்து ஸ்க்ரூவோ அந்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டிவைத்தேன். காலாவதியான ஏடிஎம் அட்டையை விளிம்பில் செருகி நெம்பியதும் மூடி விட்டுக்கொடுத்தது.

உள்ளே இரண்டு ஸ்லாட்டிலும் ஸ்டிக் இருந்தது.

சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். முந்தின இரவு அண்ணாச்சியிடம் பேசிய தொனி நினைவுக்கு வந்து வருத்தமாக இருந்தது. ஆனாலும் நான் உடனே திருந்தவில்லை. இருக்கிறது, ஆனால் தெரியவில்லை என்றால் அந்த ஸ்டிக் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, அதைக் கழற்றிவிட்டு வாங்கி வந்ததைப் போட்டேன். பவர் பட்டனை அழுத்தினால் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை கழற்றி மாட்டியும் அதே கதை. எனவே ஸ்லாட்டே செத்துவிட்டது என்று அடுத்த முடிவுக்குத் தாவினேன். இரவு பதினொன்றரை மணிக்கு, மதர்போர்டு மாற்ற என்ன ஆகும் என்று தேடத் தொடங்கிவிட்டேன்.

காலையில் வெளிச்சத்தில் மூன்று ஸ்டிக்குகளையும் மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒட்டுத்தாள்களின் வேறுபாடு கண்ணில் பட்டது. லேப்டாப்பில் இருந்த இரண்டிலும் பிசி3எல்-12800எஸ் என்று இருந்தது. நான் வாங்கியதில் பிசி3-12800எஸ். நடுவில் ஓர் 'எல்' குறைவு. அந்த எழுத்து இருந்தால் 1.35 வோல்ட், இல்லாவிட்டால் 1.5 வோல்ட். இரண்டாம், மூன்றாம் தலைமுறைக் கணினிகள் 1.5 வோல்ட் ஸ்டிக்கை ஏற்கும். நான்காம் தலைமுறை லேப்டாப் சிப்புகளுக்கு 1.35 வோல்ட்தான். பள்ளமும் நீளமும் ஒன்றே என்பதால் ஸ்டிக் பிசகில்லாமல் பொருந்திவிடும். கணினி மட்டும் எழுந்திருக்காது. டிஎம்ஐடிகோட் முதல் இரவிலேயே இதைச் சொல்லியிருந்தது. முதல் ஸ்லாட்டின் பார்ட் நம்பர் வரியில் எம்471பி5173 என்று தொடங்கிய எண், ஒய்கே0 என்று முடிந்திருந்தது. சாம்சங் அந்த வரிசையில் ஒய்கே0 என்றால் 1.35 வோல்ட், சிகே0 என்றால் 1.5 வோல்ட். அளவையும் வேகத்தையும் படித்த நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். கடைக்கு அந்த எண்ணை எழுதிக்கொண்டு போயிருந்தால் 600 ரூபாயும் ஓர் இரவும் வீணாகியிருக்காது.

இதற்குப் பிறகு ஊகிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினேன். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த முதல் ஸ்லாட்டு ஸ்டிக்கை எடுத்து, இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டேன். கணினி எழுந்தது, ஸ்லாட்டுக்குக் குறையில்லை. அடுத்து, தெரியாமல் இருந்த ஸ்டிக்கைக் கையில் எடுத்து விளக்கருகில் சாய்த்துப் பார்த்தேன். பொன்பூச்சுத் தொடுமுனைகளில் இடது பக்கத்துப் பத்துப் பன்னிரண்டு பற்கள் மட்டும் மங்கி, பழைய பித்தளைக் குத்துவிளக்கின் நிறத்தில் இருந்தன. மற்றவற்றில், செருகும்போது ஸ்லாட்டின் கம்பிகள் உரசிய மெல்லிய கோடு நெடுக ஓடியது. மங்கிய பற்களில் அந்தக் கோடு பாதியிலேயே நின்றிருந்தது. ஸ்டிக் ஒருபக்கம் முழுவதும் இறங்கவே இல்லை என்பதற்கு அந்தப் பாதிக் கோட்டைவிடத் தெளிவான தடயம் தேவையில்லை. அண்ணாச்சி போட்டார் என்பது உண்மை. ஒருபக்கக் கிளிப் 'டக்' என்று விழுந்ததா என்று அவர் பார்த்திருக்கமாட்டார்.

வெள்ளை ரப்பரால் தொடுமுனைகளை ஒரே திசையில் மென்மையாகத் தேய்த்து, துகள்களை ஊதித் தள்ளி, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, ஐந்து நிமிடம் காயவிட்டேன். பிறகு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில், தொடுமுனைகள் கண்ணுக்குத் தெரியாமல் மறையும்வரை உள்ளே தள்ளி, அதன்பின் கீழே அழுத்தினேன். இரண்டு பக்கமும் கிளிப் விழும் ஓசை தனித்தனியாகக் கேட்டது. ஃப்ரீ -ஹெச் இப்போது 7.6 ஜிபி காட்டியது. டிஎம்ஐடிகோட்டில் இரண்டு ஸ்லாட்டுக்கும் 4 ஜிபி. நம்பிவிடாமல் அன்றிரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென்டிரைவில் ஓடவிட்டுத் தூங்கினேன். காலையில் ஐந்து சுற்று முடிந்திருந்தது, பிழை 0.

நேரில் போய் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "மாட்டினப்ப நானும் ஒருதடவை பார்த்திருக்கணும்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார்.

லேப்டாப்பைப் பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நாளுக்கு நான்கைந்து முறை நின்றது ஒன்றிரண்டாகக் குறைந்தது, ஆனால் நின்றது. ஐந்தாம் நாள் அவள் சொன்ன ஒரு செய்தி வழிகாட்டியது: ஒரு குறிப்பிட்ட கோப்புறையைத் திறந்தால் மட்டும் கட்டாயம் நிற்கிறது. சூட்டைப் பற்றி அவள் அதன்பின் பேசவே இல்லை.

மறுபடியும் பென்டிரைவில் துவக்கி, இரண்டு டெர்மினல் சாளரங்களைத் திறந்தேன். ஒன்றில் சூடோ டிமெசேஜ் -டபிள்யூ. கெர்னல் எழுதும் செய்திகளை அது அவ்வப்போதே காட்டிக்கொண்டிருக்கும். மற்றொன்றில் அந்தக் கோப்புறையை நகலெடுக்கச் சொன்னேன். நகல் ஓரிடத்தில் நின்ற அதே கணத்தில், பக்கத்துச் சாளரத்தில் உள்ளீட்டு-வெளியீட்டுப் பிழை என்ற வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. ஒவ்வொரு முயற்சிக்கும் டிஸ்க் பல விநாடிகள் தடுமாறி, திரும்பத் திரும்ப அதே செக்டரை, அதாவது டிஸ்க்கின் அதே சிறு துண்டை, படிக்கப் பார்த்தது. விண்டோஸில் கணினி நின்றதுபோல் தெரிந்தது இந்தத் தடுமாற்றம்தான். ரேம் பாதியாக இருந்தபோது விண்டோஸ் அடிக்கடி டிஸ்க்கையே நினைவகமாகப் பயன்படுத்தியது. அதனால் பழுதான இடத்தை அடிக்கடி தொட்டது. ரேம் முழுமையானதும் தொடுவது குறைந்தது, நிற்பதும் குறைந்தது. கனமான வேலையின்போதுதான் டிஸ்க்கும் அதிகம் உழைக்கிறது, சிப்பும் சூடாகிறது. பெண் சூட்டைக் கண்டது பொய்யில்லை. அது உடன்வந்த அறிகுறி மட்டுமே.

இப்போது ஸ்மார்ட்சிடிஎல் -ஏ கொடுத்து, நீண்ட அட்டவணை முழுவதையும் படித்தேன். மேலே அதே 'பாஸ்டு'. கீழே 5-ஆம் எண் வரிசையில், வேறிடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள் 8. 197-ஆம் எண் வரிசையில், படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் செக்டர்கள் 24. 9-ஆம் எண்ணில் ஓடிய நேரம் 17,412 மணி. நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 2,176 வேலைநாள். 'பாஸ்டு' என்ற சொல், தயாரிப்பாளர் வைத்த எல்லைக்கோட்டை எந்த மதிப்பும் இன்னும் தாண்டவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அந்தக் கோடு எவ்வளவு தாராளமாக வைக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இந்த 24 போதும். முழுச் சோதனையும் ஓடவிட்டேன்; ஏறத்தாழ நூறு நிமிடம் ஆகும் என்று சொன்ன அது, 90 சதவீதம் மீதமிருக்கும்போதே படிப்புப் பிழை என்று நின்றுவிட்டது. பழைய லேப்டாப் சோதிக்கும் எவரும் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளில் உள்ள கச்சா மதிப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 197-இல் பூச்சியம் தவிர வேறு எது இருந்தாலும், அந்த டிஸ்க்கில் முக்கியமானது எதையும் நான் வைக்கமாட்டேன்.

முதலில் தரவு. பெண்ணின் ஒரு மாதப் பாடக்குறிப்புகளும் படங்களும் அதில் இருந்தன. சாதாரண நகல் பழுதான இடத்தில் முட்டி நிற்கும் என்பதால், டிடிரெஸ்க்யூ கட்டளையால் முழு டிஸ்க்கையும் என் 1 டிபி வெளி டிஸ்க்கில் ஒரே கோப்பாக எடுத்தேன். நல்ல இடங்களை முதலில் வாரிக்கொண்டு, பழுதான இடங்களுக்குப் பின்னர் திரும்பி வருவது அதன் முறை. எங்கே விட்டது என்பதை ஒரு குறிப்புக் கோப்பில் எழுதிவைத்துக்கொள்வதால், இடையில் மின்சாரம் போனாலும் தொடரலாம். அது கடைசிவரை மீட்க முடியாமல் விட்டது 12,288 பைட். 512 பைட் கொண்ட செக்டர் 24 என்றால் பெருக்கிப் பாருங்கள், அதே 12,288 வருகிறது. இருவேறு கருவிகள் தனித்தனியாகச் சொன்ன எண்கள் அப்படிப் பொருந்தியபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு கொஞ்சநஞ்சமல்ல. அவளுடைய பாடக்குறிப்புகள் அத்தனையும் திறந்தன.

புதிதாக 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, 1,850 ரூபாய். பழைய டிஸ்க்கின் தாங்குசட்டத்தைக் கழற்றி இதில் மாட்டினேன். எல்எஸ்பிஎல்கே இதை 223.6 ஜி என்றும், ரோட்டா 0 என்றும் காட்டியது. டிமெசேஜில் சாட்டா என்ற சொல்லை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன், இணைப்பு 6.0 ஜிபிபிஎஸ் வேகத்தில் எழுந்திருந்தது. பழைய டிஸ்க்கில் ஹெச்டிபார்ம் -டி படிக்கும் வேகம் நொடிக்கு 88 எம்பி என்று காட்டியது; இதில் 511.

மூடி திறந்திருக்கும்போதே சூட்டையும் கவனித்தேன். திறப்பதற்கு முன், வெப்பநிலை காட்டும் எல்எம்-சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, ஸ்ட்ரெஸ்-என்ஜி மூலம் நான்கு இழைகளுக்கும் பத்து நிமிடம் வேலை கொடுத்து அளந்திருந்தேன்: 97 டிகிரி வரை ஏறியது, எல்லை 100. வேகம் 1,200 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கியது. சூட்டால் சிப் தன்னைத்தானே எத்தனை முறை மட்டுப்படுத்திக்கொண்டது என்பதற்குக் கெர்னல் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. சிஸ் அடைவுக்குள், சிபியு0-இன் கீழ், தெர்மல் த்ராட்டில் என்ற கோப்புறையில் அது இருக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் 1,143. விசிறிக்கும் செம்புக் குழாயின் செதில்களுக்கும் இடையில், கம்பளித் துண்டுபோல் ஒரே விரிப்பாகத் தூசி படிந்திருந்தது. சாமணத்தால் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தபோது முழுதாக உரிந்து வந்தது. சிப்பின் சூட்டைச் செம்புக் குழாய்க்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்து கல்லாகிப்போயிருந்தது; அதைத் துடைத்துவிட்டு, அரிசிமணி அளவு புதிய பேஸ்ட் வைத்தேன். அதே சோதனையில் 73 டிகிரி, வேகம் 2,300-க்குக் கீழே இறங்கவில்லை, எண்ணிக்கை 0.

பேட்டரிக்கு யூபவர் -டி போதும். வடிவமைப்புக் கொள்ளளவு 47.52 வாட்-மணி, இப்போது முழுதாக ஏறினால் நிற்பது 19.87. அதாவது 41.8 சதவீதம். இரண்டு மணி நேரம் என்று சொல்லப்பட்டது என் கையில் ஒரு மணி பத்து நிமிடம் வந்தது. விடுதியில் மேசையருகிலேயே பிளக் இருப்பதால் இப்போதைக்கு மாற்றவில்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இன் அங்கீகாரப் பட்டியலில் நான்காம் தலைமுறைச் சிப் இல்லை. அவளுக்கு வேண்டியது சி, பைத்தான், ஒரு பிரவுசர். எனவே லினக்ஸ் மின்ட்டையே நிறுவினேன். முன்பு திரை தயாராக மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். இப்போது சிஸ்டம்டி-அனலைஸ் 21 விநாடி என்கிறது.

செலவு: எஸ்எஸ்டி 1,850, பேஸ்ட் 250, ஆல்கஹால் 120, தவறாக வாங்கிய ரேம் 600. மொத்தம் 2,820 ரூபாய். இதில் 600 என் அவசரத்துக்குக் கொடுத்த விலை. அடுத்த முறை நான் மாற்றிக்கொள்ளப்போவது முதலில் இடம்: சோதனை வீட்டில் அல்ல, பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே. பென்டிரைவில் துவக்கி, ரேம் கட்டளை இரண்டு, டிஸ்க்கின் முழு அட்டவணை, பேட்டரி ஆகியவற்றைப் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். இரண்டாவது, வெளியீடு எதையும் கண்ணால் மட்டும் பார்த்து விடுவதில்லை. டீ கட்டளையோடு இணைத்து, திரையிலும் கோப்பிலும் ஒருசேர விழவைக்கிறேன். பார்ட் நம்பரை முதல் இரவு அப்படிச் சேமித்திருந்தால், ரேம் கடையில் போனைத் திறந்து காட்டியிருப்பேன். மூன்றாவது, மூடியைத் திறந்து பார்க்காமல் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரோடும் பேசுவதில்லை.

1.5 வோல்ட் ஸ்டிக் வீணாகவில்லை. எதிர்வீட்டு அண்ணனிடம் மூன்றாம் தலைமுறை லேப்டாப் ஒன்று 4 ஜிபியோடு தவழ்ந்துகொண்டிருந்தது. இம்முறை மூடியை முதலில் திறந்து, இருந்த ஸ்டிக்கின் ஒட்டுத்தாளைப் படித்து, பிசி3-12800எஸ் என்பதை உறுதிசெய்துகொண்டு, காலியாக இருந்த ஸ்லாட்டில் அதைச் செருகினேன். இரண்டு கிளிப்பும் விழுந்த ஓசை கேட்டபின்தான் கையை எடுத்தேன்.